சட்டைப் பையில் அடங்கும் காமிரா!

தறி வீட்டுக்கு எது ஏற்றது?

1950-ம் ஆண்டு ஏப்ரல் மாதம்.

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் ஒரே கூட்டம். ரமண மகரிஷி உடல் நலிந்து படுத்திருந்தார். அவரைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று மக்கள் வந்து கொண்டே இருந்தார்கள்.

அந்த நாட்களில் அங்கே ஒரு பிரெஞ்சுக்காரரும் இருந்தார். அவர் வைத்திருந்தது, கைக்கு அடக்கமான "லைக்கா" காமிரா.

ஏப்ரல் 14-ந் தேதி இரவு ரமணர் மறைந்தார். அவருடைய கடைசி நாட்களில் அந்தப் பிரெஞ்சுக்காரர் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன.

அவர்தான் உலகப் புகழ் பெற்ற போட்டோக்காரர் ஆன்றி கார்த்தியே பிரெசோன்.

அவர் விரும்பியிருந்தால் பெட்டி நிறைய லென்சு வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் பெரும்பாலான படங்களுக்கு ஒரே ஒரு 50 மில்லி மீட்டர் லென்சைத்தான் அவர் நம்பினார்.

அதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் செய்யாறும் ஆரணியும் இருக்கின்றன. பட்டுக்குப் பேர் போன பகுதி. போட்டோ ஆசை உள்ளவர்கள் அங்கும் உண்டு. உங்கள் ஊரிலும் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்:

"சட்டைப் பையில் போகும் காமிரா வேண்டும். ஆனால் படம் போனில் எடுப்பதைவிட நன்றாக இருக்க வேண்டும். எதை வாங்கலாம்?"

பார்ப்போம்.

மூச்சிரைப்பில் பிறந்தது!

சின்னக் காமிரா பிறந்த கதை வேடிக்கையானது.

ஜெர்மனியில் ஆஸ்கார் பார்னாக் என்று ஒருவர் இருந்தார். லைட்ஸ் கம்பெனியில் வேலை. அவருக்குப் போட்டோ எடுப்பதில் கொள்ளை ஆசை. ஆனால் ஆஸ்துமா உண்டு. அந்தக் காலத்துக் காமிராவோ பெரிய பெட்டி. கண்ணாடித் தகடுகளையும் கூடவே சுமக்க வேண்டும். மலைப் பாதையில் அதைத் தூக்கிக் கொண்டு நடந்தால் மூச்சு இரைக்கும்.

பார்னாக் யோசித்தார். சினிமாவுக்குப் பயன்படும் பிலிமை எடுத்தார். அதற்குத் தகுந்த குட்டிக் காமிரா ஒன்றைச் செய்தார். அதிலிருந்து வளர்ந்ததே லைக்கா. 1925-ம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. முதலில் வந்த மாடலில் லென்சைக் கழற்ற முடியாது. காமிராவும் லென்சும் ஒரே உடம்பு!

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட காமிரா வீடு வீடாகப் புகுந்தது. பரோடாவில் தயாரான "அக்பா கிளிக் 3" நினைவிருக்கிறதா? ஒரு பிலிம் சுருளுக்கு 12 படம். அதற்கு மேல் கிடையாது. ஊட்டியிலே 1960-ம் ஆண்டு இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொடங்கப்பட்டது. "இந்து" என்ற பெயரில் அங்கே பிலிம் தயாரானது. இன்று அந்தத் தொழிற்சாலை இயங்கவில்லை. ஆனால் தாத்தா, பாட்டி ஆல்பத்தில் உள்ள கறுப்பு வெள்ளைப் படங்களைப் பாருங்கள். லென்சைக் கழற்ற முடியாத காமிராக்களின் கைவண்ணம் அதிலே தெரியும்.

லென்சு மாற்ற முடியாதது குறைதானே என்று கேட்கலாம். ஒரு விதத்தில் குறைதான். ஆனால் அந்தக் குறையால்தான் காமிரா சின்னதாகிறது. சின்னதாக இருப்பதால்தான் அது எப்போதும் நம்மோடு வருகிறது.

பரீட்சை எங்கே?

கடை வெளிச்சத்தில் எல்லாக் காமிராவும் நன்றாகத்தான் படம் எடுக்கும். கஷ்டமான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

செய்யாறு பக்கம் ஒரு பட்டு நெசவாளர் வீட்டை மனதில் எண்ணிக் கொள்ளுங்கள்.

ஒரே அறை. அதில் பாதி இடத்தைத் தறி அடைத்துக் கொண்டிருக்கிறது. அப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிறார். பக்கத்தில் ஒரு ஜன்னல். தலைக்கு மேல் ஒரு குழல் விளக்கு. நாடா இப்படியும் அப்படியும் ஓடுகிறது. சரிகை மின்னுகிறது.

அப்பாவுக்கு வயதாகிறது. பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். இந்தத் தறிச் சத்தம் இன்னும் எத்தனை நாள் கேட்குமோ? அதற்குள் அவர் நெய்வதை நல்ல படமாக எடுத்து வைக்க வேண்டும் என்று மகள் ஆசைப்படுகிறாள்.

அவளுக்கு மூன்று தடைகள். ஒன்று, வெளிச்சம் போதாது. இரண்டு, பின்னால் நகர இடம் இல்லை. மூன்று, நாடா நிற்காமல் ஓடுகிறது.

மூன்று போட்டியாளர்கள்

முதலாவது, ரிக்கோ ஜி.ஆர்.3. 2019-ம் ஆண்டில் வந்தது. பாட்டரியோடு சேர்த்து எடை 257 கிராம். உண்மையாகவே சட்டைப் பையில் அடங்கும். "சூம்" கிடையாது. பிளாஷ் கிடையாது. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரமும் கிடையாது. பின்பக்கத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இதே லென்சு அகலத்தோடு ஜி.ஆர்.4, 2025-ல் வந்தது.

இரண்டாவது, சோனி ஆர்.எக்ஸ்.100. முதல் மாடல் 2012-ல் வந்தது. எடை 240 கிராம். இதில் சூம் உண்டு, பிளாஷும் உண்டு. பிறகு பல மாடல்கள் வந்தன. 2014-ல் வந்த மூன்றாவது மாடலில் கண் வைத்துப் பார்க்கும் துவாரமும் சேர்ந்தது.

மூன்றாவது, பியூஜி எக்ஸ்.100. இந்த வரிசை 2011-ல் கடைக்கு வந்தது. 2024-ல் ஆறாவது மாடல் வந்தது. எடை 521 கிராம். சூம் இல்லை. பிளாஷ் உண்டு. கண் வைத்துப் பார்க்க அருமையான துவாரம் உண்டு. ஆனால் கனம் 5½ சென்டி மீட்டர். சட்டைப் பையில் போட்டால் பை கிழியும்! கோட்டுப் பைக்குத்தான் சரி.

அண்டாவும் வாசலும்

"எத்தனை மெகா பிக்சல்?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அதை மறந்து விடுங்கள். வேறு இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

காமிராவுக்குள் ஒளியை வாங்கிக் கொள்ளும் தகடு ஒன்று உண்டு. அதற்கு சென்சார் என்று பெயர். மழை பெய்யும்போது முற்றத்தில் அண்டா வைத்தால் நிறையத் தண்ணீர் சேரும். சொம்பு வைத்தால் கொஞ்சம்தான் சேரும். சென்சாரும் அப்படித்தான்.

ரிக்கோவிலும் பியூஜியிலும் உள்ள சென்சாரின் பரப்பு ஏறக்குறைய 366 சதுர மில்லி மீட்டர். சோனியில் 116 தான். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரும்பாலான போன்களில் அதைவிடவும் சிறிது.

அடுத்தது, ஒளி நுழையும் வாசல். லென்சில் 1.8, 2, 2.8 என்று எண் எழுதியிருக்கும். எண் சிறிதானால் வாசல் பெரிது. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

ரிக்கோவின் எண் 2.8. பியூஜியின் எண் 2. ஆகவே ரிக்கோவைப் போல் இரண்டு மடங்கு ஒளி பியூஜிக்குள் போகிறது.

சோனியின் எண் 1.8. அது பெரிய வாசல். சென்சார் சிறிதாக இருப்பதை அது ஏறக்குறைய ஈடு கட்டி விடுகிறது. அறைக்குள் அகலமாகப் படம் எடுக்கும்போது சோனியும் ரிக்கோவும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி!

ஆனால் சோனியில் சூம் செய்து கிட்டே இழுத்தால் எண் 4.9 ஆகிவிடும். ஒளி ஏழில் ஒரு பங்காகக் குறைந்து போகும். ஆகவே இருட்டு அறையில் சூமைத் தொடாதீர்கள்.

ஆறு அடி தூரத்தில்

தறி வீட்டில் ஆறு அடிக்கு மேல் பின்னால் நகர முடியாது என்று வைத்துக் கொள்வோம். சுவர் தட்டும்.

அங்கிருந்து ரிக்கோவில் பார்த்தால் ஏறக்குறைய 7¾ அடி அகலம் தெரியும். அப்பாவும் தறியும் முழுவதுமாக வந்து விடுவார்கள். சோனியும் சூம் செய்யாத நிலையில் இதே அகலத்தைக் காட்டும். பியூஜியில் 6 அடி அகலம்தான் தெரியும். அப்பாவின் முகமும் கையும் நெருக்கமாக இருக்கும். தறியின் ஓரம் வெட்டுப்படலாம்.

சரிகைப் பூவை மட்டும் தனியாக எடுக்க வேண்டுமா? ரிக்கோ இங்கே கெட்டிக்காரன். பூவிலிருந்து 6 சென்டி மீட்டர் தூரம் வரை கிட்டே கொண்டு போகலாம்.

பிளாஷ் இல்லையே என்று வருந்த வேண்டாம். சரிகைக்கு நேரே பிளாஷ் அடித்தால் வெள்ளை வெளேர் என்று பளிச்சிடும். பூ வேலை மறைந்து போகும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். அப்போதுதான் இழை இழையாகத் தெரியும். குழல் விளக்கை அணைத்து விடுங்கள். இரண்டு வித வெளிச்சம் கலந்தால் பட்டின் நிறம் மாறிப் போகும்.

ஓடும் நாடா

புதிய ரிக்கோவிலும் பியூஜியிலும், கை நடுங்கினாலும் படம் கலங்காமல் காக்கும் பொறி இருக்கிறது. விளம்பரத்தில் இதைப் பெரிதாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

அந்தப் பொறி உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். நாடாவின் ஓட்டத்தை அடக்காது! நாடா தெளிவாகத் தெரிய வேண்டுமானால், ஒரு விநாடியில் மிக மிகச் சிறிய பங்கு நேரத்துக்குள் படம் எடுக்க வேண்டும். அதற்கு நிறைய வெளிச்சம் வேண்டும்.

வேறு வழி உண்டா? உண்டு. நெய்கிறவரைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக் கொண்டிருங்கள். நாடா ஒரு ஓரம் சேர்ந்ததும் அவர் கை திரும்பும். அந்தக் கணத்தில் கை சற்றே நிற்கும். அப்போது பொத்தானை அழுத்துங்கள். போன்காரருக்கும் இந்த வித்தை உதவும்.

எது ஜெயித்தது?

நெருக்கமான தறி வீட்டுக்கும், தினமும் பையில் போட்டுத் திரிவதற்கும் ரிக்கோ.

குடும்பத்துக்கு ஒரே காமிரா போதும், கல்யாணம், தேர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றால் சோனி. தூரத்தில் வரும் தேரை ரிக்கோவால் கிட்டே இழுக்க முடியாது.

வெளிச்சம் குறைந்த இடத்தில் படம்தான் முக்கியம், எடை பரவாயில்லை என்றால் பியூஜி.

ஜன்னல் ஓரம் அசையாமல் உட்கார்ந்தவரை எடுக்கவும், போனில் அனுப்பிப் பார்க்கவும் மட்டும்தான் வேண்டும் என்றால் காசைச் செலவழிக்காதீர்கள். கையிலுள்ள நல்ல போன் போதும்.

பர்சைப் பாருங்கள்!

விலை சாதாரணம் அல்ல. அமெரிக்காவில் அறிமுகமானபோது ரிக்கோ ஜி.ஆர்.3 விலை 899 டாலர். பியூஜி ஆறாவது மாடல் 1,599 டாலர். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். கடன் வாங்கி வாங்க வேண்டிய பொருள் அல்ல இது.

பழைய காமிரா வாங்கலாம். ஆனால் மூன்றைக் கவனியுங்கள். திறந்து மூடினால் லென்சு தடங்கல் இல்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா? பாட்டரி உப்பி இருக்கிறதா? வாசலை நன்றாகச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி இருக்கிறது. தறி வீட்டில் பட்டுத் தூசி பறக்கும். வேலை முடிந்ததும் காமிராவைத் துணிப் பைக்குள் வைத்து விடுங்கள்.

இன்னொரு விஷயம். தறியில் இருக்கும் டிசைன் புடவையின் சொந்தக்காரருக்கு உரியது. அவரைக் கேட்காமல் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். உங்கள் ஒரு படத்தைப் பார்த்து வேறொருவர் அதே பூவைப் போட்டு விடலாம்.

எந்தக் காமிரா ஆனாலும், நாளைக்கு எடுக்கலாம் என்று அலமாரியில் வைத்துப் பூட்டினால் பயன் இல்லை. அப்பாவின் கை இன்றைக்கு நாடா ஓட்டுகிறது. படத்தை இன்றைக்கே எடுங்கள்.

எடுத்த படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். எத்தனையோ கல்யாணங்களுக்குப் புடவை நெய்தவர். தாம் நெய்வதைத் தாமே பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும்!