திறக்காத ஃபைலைப் படிப்பது எப்படி?

மின்னஞ்சலில் வந்த அட்டாச்மென்ட் திறக்கவில்லை என்றதும் பெரும்பாலானோர் செய்வது இரண்டே காரியம். அனுப்பியவரையே திரும்ப அனுப்பச் சொல்வார்கள்; அல்லது இலவசமாகத் திறந்து தருவதாகச் சொல்லும் ஏதாவது ஒரு இணையதளத்தைத் தேடிப் போவார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எப்படித் திறக்கவில்லை? படத்தின் மேல்பாதி தெரிந்து கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக நிற்கிறதா? ஃபைல் கெட்டுவிட்டது என்று அறிவிப்பு வருகிறதா? எந்தப் புரோகிராமில் திறக்கட்டும் என்று கணினி நம்மையே கேட்கிறதா? பாஸ்வேர்டு கேட்கிறதா? திறந்த பிறகும் ஒரு சொல்கூடப் படிக்க முடியவில்லையா? இவை ஐந்தும் ஒரே கோளாறு அல்ல. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பலிக்காது. காரணம் என்ன என்பது ஃபைல் திறக்க மறுக்கும் விதத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதைப் பார்க்கப் பழகிக்கொண்டால் பல சிக்கல்களை வீட்டிலேயே தீர்த்துவிடலாம்.

மும்பையின் வடாலா இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒன்றாக வந்து சேரக்கூடிய இடம். ஆண்டாப் ஹில் மத்திய அரசுக் குடியிருப்பு, துறைமுகக் குடியிருப்பு, சுற்றியுள்ள வீட்டுவசதி சொசைட்டிகள் என்று தமிழ்க் குடும்பங்கள் பரவியிருக்கும் பகுதி இது. இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு, ஊரில் உள்ள நிலத்தின் வில்லங்கச் சான்று தமிழ்நாட்டிலிருந்து பி.டி.எஃப். ஆக வரும். சொசைட்டியின் அறிவிப்பு மராத்தியில், வேர்டு ஃபைலாக வரும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஐபோனில் எடுத்த படம் வரும். உறவினர் பழைய கணினியில் தட்டச்சு செய்த கல்யாணப் பத்திரிகை வரும். இரண்டு மாநிலங்கள், மூன்று மொழிகள், பல வயதுக் கணினிகள். ஒரே எழுத்துருவும் ஒரே மென்பொருளும் எல்லா இடத்திலும் இருக்கும் என்ற நம்பிக்கை இங்கே சீக்கிரமே பொய்த்துவிடும்.

மின்னஞ்சல் ஃபைலை எப்படிச் சுமக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் பரிமாற்ற விதிகள், ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையும் கொண்ட 128 இடப் பட்டியல் ஒன்றை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. படமோ ஒலியோ தமிழோ அந்தப் பட்டியலில் இல்லை. நதானியல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் உருவாக்கிய மைம் என்ற ஏற்பாடுதான் இந்தத் தடையைத் தாண்ட வைத்தது. 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டீன் அந்த முறையில் அனுப்பிய மடலில், அவர் பாடிய நால்வர் குழுவின் படமும் பாட்டும் இணைந்திருந்தன. இந்த முறையில் ஃபைலின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு சாதாரண எழுத்துகளாக மாற்றப்படும். 64 குறிகளே பயன்படும். போய்ச் சேர்ந்த இடத்தில் அவை திரும்பவும் பைட்டுகளாகும். இதனால் ஃபைல் வழியில் மூன்றில் ஒரு பங்கு பெருக்கிறது. 25 எம்.பி. வரையான மடலையே ஏற்கும் அஞ்சல் சேவையிலிருந்து 20 எம்.பி. ஃபைல்கூடத் திரும்பி வரலாம் என்பதற்கு இதுவே காரணம். மடலில் காட்டும் அளவுக்கும் இறக்கிய ஃபைலின் அளவுக்கும் இந்த மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் அதில் கோளாறு ஏதுமில்லை. மடலில் 4 எம்.பி. என்றும் கணினியில் 300 கே.பி. என்றும் இருந்தால் இறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. திரும்ப இறக்கினால் போதும், அனுப்பியவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

அறுந்த ஃபைல்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. சாதாரண ஜேபெக் படம் மேலிருந்து கீழாகப் பதிவாகியிருக்கும். அதனால் வந்தவரை தெரியும், மீதி சாம்பலாக நிற்கும். பி.டி.எஃப். அப்படியில்லை. எந்தப் பக்கம் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை வழக்கமாக அதன் கடைசியில் இருக்கிறது. திறக்கும் மென்பொருள் முதலில் அங்கேதான் போய்ப் பார்க்கும். வால் அறுந்தால் அட்டவணையே இல்லை. முதல் ஒன்பது பக்கங்கள் நல்லபடியாக வந்திருந்தும் பத்துப் பக்கமும் திறக்காமல் போகலாம். இன்றைய வேர்டு, எக்செல் ஃபைல்களும் இப்படித்தான். அவை உண்மையில் ஜிப் பொதிகள், ஜிப்பின் பட்டியலும் கடைசியில்தான் இருக்கும். ஆகவே ‘கெட்டுவிட்டது’ என்ற அறிவிப்பைக் கண்டு ஆவணமே அழிந்துவிட்டதாகப் பயப்பட வேண்டாம். பல சமயம் முடிவு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

முழுசாக வந்தும் திறக்கவில்லை என்றால் அடுத்த சந்தேகம் பெயர் மீது. ஃபைல் பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எக்ஸ்டென்ஷனை நம்பித்தான் விண்டோஸ் எந்த மென்பொருளை அழைப்பது என்று முடிவு செய்கிறது. அந்தப் பெயர் யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதக்கூடியது. உள்ளே இருப்பதைச் சொல்வது ஃபைலின் முதல் சில பைட்டுகள். நோட்பேடில் திறந்தால் குப்பை போன்ற எழுத்துகள் வரும். தொடக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். பி.டி.எஃப். என்றால் சதவீதக் குறியும் அந்த மூன்று எழுத்துகளும் முதலிலேயே நிற்கும். ஜிப், வேர்டு, எக்செல் என்றால் பி, கே என்ற இரண்டு எழுத்துகள். ஜிப்பை உருவாக்கிய ஃபிலிப் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. பி.டி.எஃப். என்ற பெயரோடு வந்த ஃபைல் கோணக் குறியிலும் ஹெச்.டி.எம்.எல். என்ற சொல்லிலும் தொடங்கினால், நாம் இறக்கியது ஆவணமே இல்லை. காலாவதியான இணைப்பு காட்டிய பிழைப் பக்கமாகவோ, லாகின் பக்கமாகவோ இருக்கும். இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. எத்தனை மென்பொருள் நிறுவினாலும் அந்த ஃபைல் திறக்காது. இப்படி நோட்பேடில் பார்ப்பது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். நோட்பேடு பைட்டுகளை எழுத்தாகக் காட்டுமே தவிர எதையும் இயக்காது. சேமிக்காமல் மூடிவிடுவது ஒன்றே அங்கே கவனிக்க வேண்டியது.

அப்படியானால் பெயரைப் பார்க்கவே வேண்டாமா? கட்டாயம் பார்க்க வேண்டும், அதுவும் முழுப் பெயரை. விண்டோஸ் தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை இயல்பாக மறைத்து வைக்கிறது. 2000 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. அதன் ஃபைல் பெயர் டி.எக்ஸ்.டி. என்று முடிவதுபோல் தெரியும். அதற்குப் பின்னால் வி.பி.எஸ். என்ற இன்னொரு எக்ஸ்டென்ஷன் மறைந்திருந்தது. காதல் கடிதம் என்று நினைத்துச் சொடுக்கியவர்கள் ஒரு நிரலை இயக்கினார்கள். இன்றைக்கு இந்தியாவில் அதே தந்திரம் போக்குவரத்து அபராத ரசீது என்ற வேடத்தில், ஏ.பி.கே. ஃபைலாகச் சுற்றுகிறது. மும்பை கிழக்குக்கான ஆர்.டி.ஓ. அலுவலகம் வடாலாவில்தான் இருக்கிறது. எம்.எச். 03 எண் பலகை வைத்த வண்டிக்காரருக்கு வடாலா ஆர்.டி.ஓ. பெயரில் ஏதாவது வந்தால் பதற்றம் வரத்தான் செய்யும். ஏ.பி.கே. என்பது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் ஃபைல். அதுவும் ஜிப் வகைதான், அதுவும் பி, கே என்றே தொடங்கும். முதல் பைட்டுகள் மட்டும் போதாது, பெயர் மட்டும் போதாது, இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது இதனால்தான். அந்த ஃபைல் விண்டோஸ் கணினியில் திறக்காது. கணினியில் முடியவில்லையே என்று அதைப் போனுக்கு மாற்றித் திறப்பதுதான் மோசடிக்காரர் விரும்புவது. அபராதம் உண்மையா என்பதை அரசின் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தே பார்த்துவிடலாம். பணம் பறிபோயிருந்தால் சைபர் மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

பூட்டிய ஃபைல்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆதார் பி.டி.எஃப். பாஸ்வேர்டு கேட்டால், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த ஆண்டு. வங்கிகள் தங்கள் பாஸ்வேர்டு வகையைப் பெரும்பாலும் மடலிலேயே எழுதியிருக்கும். அரசு ஆவணங்களில் டிஜிட்டல் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால், அந்தக் கையொப்பத்தை நம் கணினி இன்னும் சரிபார்க்கவில்லை என்று பொருள். ஆவணம் போலி என்பதற்கு அது சான்றாகாது. வேர்டு மஞ்சள் பட்டையைக் காட்டி எடிட் செய்ய விடாமல் நிறுத்தினால், இணையத்திலிருந்து வந்த ஃபைல் என்பதால் எடுக்கும் முன்னெச்சரிக்கை அது. படிப்பதற்கு அந்தப் பட்டையை நீக்கத் தேவையே இல்லை. பூட்டே இல்லாமல் திறக்காதவையும் உண்டு. ஐபோன்கள் 2017 முதல் ஹெச்.இ.ஐ.சி. என்ற வகையில் படம் எடுக்கின்றன. பல விண்டோஸ் கணினிகளுக்கு அதைத் திறக்கக் கூடுதல் மென்பொருள் வேண்டும். ஜேபெக்காக மாற்றி அனுப்பச் சொல்வது எளிது. வின்மெயில் டி.ஏ.டி. என்று ஒரு ஃபைல் வந்தால், அனுப்பியவரின் அவுட்லுக் தனக்கே உரிய வடிவத்தில் மடலைப் பொதிந்திருக்கிறது. அவர் சாதாரண வடிவத்தில் மறுபடி அனுப்ப வேண்டும், நம் பக்கம் பிழை இல்லை.

இவ்வளவு ஆராய்வதைவிட ஏதாவது ஒரு தளத்தில் ஏற்றி மாற்றிக்கொள்வது சுலபம் என்று சொல்வார்கள். சுலபம்தான். சினிமாச் சுவரொட்டிக்கு அது சரி. வில்லங்கச் சான்று, ஆதார், சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை ஆகியவற்றை யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஒரு தளத்திடம் ஒப்படைத்தால் அதன் பிரதி எங்கே தங்கும் என்று நமக்குத் தெரியாது. திறக்கவில்லை என்று தேடும் அட்டாச்மென்ட்களில் பல இப்படிப்பட்டவைதான். மேலும், வால் அறுந்த ஃபைலையும் லாகின் பக்கத்தையும் எந்தத் தளமும் ஆவணமாக மாற்றித் தர முடியாது. காரணம் தெரியாமல் கொடுத்தால் அந்தரங்கமும் போகும், ஆவணமும் கிடைக்காது.

கடைசி வகை தமிழருக்கு நன்கு பழக்கமானது: திறக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை. ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டிய ஃபைலுக்குள் உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி இல்லாத கணினி அதை அப்படியே காட்டுகிறது. எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த ஒதுக்கீடு மாறியதால், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்ற தரங்கள் கொண்டுவரப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய ஃபைல்கள் பழைய குறியீட்டிலேயே இருக்கின்றன. மராத்தியிலும் இதே கதைதான். புனேயின் ஸ்ரீலிபி எழுத்துருவில் அடித்த சொசைட்டி அறிவிப்பு, அந்த எழுத்துரு இல்லாத வீட்டில் குறிக்குப்பையாகத் திறக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று இவற்றை அழித்துவிடுகிறார்களே, அதுதான் வருத்தம். ஒரு பைட்டுகூடக் கெடவில்லை. வேர்டில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துருவின் பெயர் மேலே தெரியும். அதே எழுத்துருவை நிறுவினால் வரிகள் உயிர்பெறும், பின்பு ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அனுப்புபவர் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் எழுத்துரு ஃபைலுக்குள்ளேயே பதிந்து வரும், இந்தத் தொல்லை இல்லை. ஃபைலின் பெயரையும் அவர் சுருக்கமாக வைக்கலாம். பரவலான யூ.டி.எஃப். 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லே 15 பைட்டு. 255 பைட்டுக்கு மேல் பெயரை ஏற்காத கணினிகள் உண்டு, அங்கே 85 குறியீட்டோடு இடம் தீர்ந்துவிடும். தாத்தா பெயர், ஊர், சர்வே எண், தேதி என்று நீளும் தமிழ்ப் பெயரை வழியில் ஏதாவது ஒரு மென்பொருள் வெட்டினால் முதலில் பலியாவது கடைசியில் இருக்கும் எக்ஸ்டென்ஷன். எந்தப் புரோகிராமில் திறக்கட்டும் என்று கணினி அப்போது கேட்கும். பெயரின் முடிவில் புள்ளியும் பி.டி.எஃப். என்ற ஆங்கில எழுத்துகளும் சேர்த்தால் உடனே திறந்துகொள்ளும்.