வீட்டை விற்ற பாக்கிப் பணத்தையே இன்னொருவருக்கு விற்க முடியுமா?

திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலையில் ஒரு பெண் தன் வீட்டை 12 லட்ச ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கையில் 7 லட்சம்தான் இருக்கிறது. வங்கிக் கடனும் கிடைக்கவில்லை. "மிச்சம் அஞ்சு லட்சத்த வருஷத்துக்கு ஒரு லட்சமா தந்துருதேன்க்கா" என்கிறார். இவரும் சம்மதித்துப் பத்திரம் பதிந்து கொடுக்கிறார். அடுத்த வாரமே மகனுடைய வள்ளத்தில் இன்ஜின் பழுது. இப்போதே பணம் வேண்டும். வரவேண்டிய 5 லட்சத்தை வேறொருவருக்கு விற்றுக் காசாக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட வீட்டுக்கடன் பத்திரங்களை வாங்குவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. இந்தியாவில் வங்கிகள் தங்களுக்குள் கடன்களைக் கைமாற்றிக்கொள்ளலாம் என்று 2010-ல் ஐசிஐசிஐ வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனிநபருக்கும் சட்டம் தடை போடவில்லை. ஆனால், கையில் என்ன பத்திரம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

எந்தப் பத்திரத்துக்கு மதிப்பு?

வெறும் புரோநோட்டு என்றால், பின்பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு 'மேடோவர்' செய்துவிடலாம். சுலபம்தான். ஆனால், அதற்கு வீடு ஈடாக இருக்காது. பணம் வராவிட்டால் 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

வாங்கியவர் அதே வீட்டை அடமானமாக எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. 1882-ம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, அதில் கடன் வாங்கியவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருக்க வேண்டும். பதிவும் ஆகியிருக்க வேண்டும். வீட்டின் மீது வழக்குப் போட்டுப் பணம் பெற 12 ஆண்டு அவகாசம் உண்டு. அடமானக் கடனை விலைக்கு வாங்க வருபவர் தேடுவது இந்தப் பாதுகாப்பைத்தான்.

இரண்டுமே இல்லை என்றால்? பாக்கி வைத்து விற்றவருக்கு அந்த வீட்டின் மீது ஓர் உரிமையைச் சட்டமே தருகிறது. ஆனால் கிரயப் பத்திரத்தில் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்தால் சிக்கல்தான். பாக்கி விவரம் தெரியாமல் மூன்றாம் நபர் ஒருவர் அந்த வீட்டை விலைக்கு வாங்கிவிட்டால், அவரிடம் இந்த உரிமை செல்லாது.

எப்படி மாற்றுவது?

அடமானக் கடனை மாற்றிக் கொடுப்பதும் சொத்து விவகாரமே. புரோநோட்டு போலக் கையெழுத்து மட்டும் போதாது. அடமான உரிமையை மாற்றும் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்தால் வில்லங்கச் சான்றிலும் வந்துவிடும். அசல் அடமானப் பத்திரத்தையும் ஒப்படைக்க வேண்டும்.

கடனாளிக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிப்பது முக்கியம். இல்லாவிட்டால் அவர் பழையவரிடமே தவணை கட்டுவார், பிறகு தகராறுதான். கடன் கைமாறியது என்பதற்காக நிபந்தனைகள் மாறாது. புதியவர் வட்டியைக் கூட்டவோ, தவணையை முன்கூட்டிக் கேட்கவோ முடியாது. கடனை அடைத்து வீட்டை மீட்கும் உரிமையும் அப்படியே இருக்கும்.

எவ்வளவு கிடைக்கும்?

5 லட்சம் கிடைக்காது. ஐந்து ஆண்டுகள் காத்திருக்கப்போவது வாங்குபவர். ஆண்டு முடிவில் 1 லட்சம் வீதம் ஐந்து தவணை, வட்டி இல்லை. அவர் 15 சதவீத லாபம் எதிர்பார்த்தால் இன்றைக்குத் தரக்கூடியது சுமார் 3.35 லட்சம். 12 சதவீதம் போதும் என்றால் சுமார் 3.60 லட்சம். முத்திரைத்தாள், பதிவு, வழக்கறிஞர் செலவு தனி. வெறும் புரோநோட்டு என்றால் விலை இன்னும் இறங்கும்.

அதனால் முதலில் வீட்டை வாங்கியவரிடமே பேசிப் பார்க்கலாம். சொந்தபந்தத்திடம் புரட்டி இப்போதே 4 லட்சம் கொடுத்தால் அவருக்கு 1 லட்சம் மிச்சம். விற்றவருக்கும் வெளியாள் தருவதைவிடக் கூடுதல்.

'ரொக்கம்' என்றதும் நோட்டுக்கட்டு வாங்கிவிட வேண்டாம். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் விதிக்கலாம். வங்கி வழியாகவே வாங்குங்கள்.

தவணைக்கு வீடு விற்கும் அன்றே, பாக்கித் தொகையைக் கிரயப் பத்திரத்தில் குறிப்பிட்டு, அடமானத்தையும் பதிந்துவிடுங்கள். அவசரத்துக்குக் கைகொடுப்பது அந்தப் பத்திரம்தான்.