துல்லியம் மட்டும் போதாது: சொந்தக் கையால் கட்டிய விமானமும் ஜிபிஎஸ் விதியும்

2004 ஜனவரி முதல் நாள், ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றின் அணுக்கடிகாரம் பழுதானது. கடிகாரம் விலக விலக, அந்தக் கோளை வைத்துக் கணக்கிடும் தொலைவும் விலகிக்கொண்டே போனது. பிழை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வளர்ந்தது. தரைக் கட்டுப்பாட்டு நிலையம் அந்தக் கோளை 'நம்ப வேண்டாம்' என்று அறிவிப்பதற்குள் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. விமானப் பயன்பாட்டுக்கென்று செய்த ஜிபிஎஸ் கருவி, தனக்குத் தெரியும் மற்றக் கோள்களோடு ஒப்பிட்டு, 'இந்த ஒன்று தவறாகச் சொல்கிறது' என்று கண்டுபிடித்து ஒதுக்கிவிடும். காருக்கும் கைப்பேசிக்கும் செய்த கருவி அப்படிச் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சாதாரண நாளில் இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டும். வித்தியாசம் கெட்ட நாளில்தான் தெரியும்.

அமெரிக்காவில் தன் கொட்டகையில் விமானம் கட்டிப் பறப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். அங்கே 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற வகைக்குள் இப்படிப்பட்ட விமானங்கள் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் வேலையில் பெரும்பகுதியைத் தானே செய்திருந்தால், அந்த விமானத்துக்கு இந்த வகையில் சான்று கிடைக்கும். தொழிற்சாலையில் செய்த விமானத்தில் ஒரு முக்கியக் கருவியை மாற்றிப் பொருத்த, ஒப்புதல் பெற்ற வரைவும் உரிமம் பெற்ற மெக்கானிக்கின் கையெழுத்தும் வேண்டும். எக்ஸ்பெரிமென்டலில் உரிமையாளரே, விமானத்தின் தகவலை வெளியே ஒலிபரப்பும் டிரான்ஸ்பாண்டரையும் ஜிபிஎஸ்ஸையும் வாங்கி, ஒயர் இழுத்து, லாக்புக்கில் எழுதிக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த சுதந்திரம் இது. சரியாகப் பொருத்தியிருக்கிறோம் என்ற பொறுப்பு முழுவதும் கட்டியவர் தலையில் விழுகிறது என்பதும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

2020 ஜனவரி முதல் அமெரிக்காவின் குறிப்பிட்ட வான்வெளிகளில் பறக்கும் விமானங்களில் 'ஏடிஎஸ்-பி அவுட்' கருவி இருந்தாக வேண்டும். விமானம் தன் இடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் வினாடிக்கொரு முறை தானே ஒலிபரப்பும் முறை இது. ராடார் விமானத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும். இதிலோ விமானம் சொல்வதைத்தான் கன்ட்ரோலரும் பக்கத்தில் பறப்பவரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஏ வகுப்பு வான்வெளி, பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பி, சி வகுப்பு வான்வெளிகள், பி வகுப்பின் முதன்மை விமான நிலையத்திலிருந்து 30 கடல் மைலுக்குட்பட்ட வட்டம், சில விலக்குகளோடு 10,000 அடிக்கு மேலுள்ள இ வகுப்பு ஆகியவை விதிக்கு உட்பட்டவை. 'நம்முடையது எக்ஸ்பெரிமென்டல்தானே, நமக்கு விதி இல்லை' என்ற பேச்சு ஹாங்கர்களில் அடிக்கடி காதில் விழும். அது தவறு. விதி வான்வெளியைப் பார்க்கிறது, சான்றின் வகையைப் பார்ப்பதில்லை. இன்ஜினால் ஓடும் மின் அமைப்பு தொடக்கத்திலிருந்தே இல்லாத விமானங்களுக்கும் பலூன்களுக்கும் கிளைடர்களுக்கும் மட்டும், அதுவும் எல்லா இடத்திலும் அல்ல, சலுகை உண்டு.

எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம், இடத்தைச் சொல்லும் கருவியிடம் ஐந்து விஷயங்களைக் கேட்கிறது. சொல்லும் இடம் 0.05 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 93 மீட்டருக்குள் சரியாக இருக்க வேண்டும். வேகம் வினாடிக்குப் 10 மீட்டருக்குள் சரியாக இருக்க வேண்டும். இவை இரண்டும் எளிது, மலிவான ஜிபிஎஸ்ஸும் தாண்டிவிடும். மூன்றாவது, 'நான் இந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறேன்' என்று கருவி உறுதி சொல்லும் எல்லை 0.2 கடல் மைலுக்குள், அதாவது 370 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நான்காவதை 'சில்' என்கிறார்கள். எச்சரிக்கை ஏதும் தராமலே உண்மையான இடம் அந்த வட்டத்தைத் தாண்டும் வாய்ப்பு ஒரு மணி நேரப் பறப்பில் ஒரு கோடியில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த நிலையைக் குறிக்கும் உறுதி மதிப்பு 3. ஐந்தாவது, கருவிகளின் அமைப்பே பழுதாகித் தவறான தகவல் கொடுக்கும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. இதன் மதிப்பு 2.

மலிவு ஜிபிஎஸ் மூன்றாவதிலும் நான்காவதிலும்தான் தோற்கிறது. இடம் தெரியாமல் தோற்பதில்லை, தன்மீது எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்று சொல்லும் திறன் அதற்கு இல்லை. செயற்கைக்கோள் ஒன்று பிழையாவதைக் கண்டுபிடிக்கக் குறைந்தது ஐந்து கோள்கள் தெரிய வேண்டும், பிழையானது எது என்று கண்டு ஒதுக்க ஆறு வேண்டும். இந்தக் கணக்கை ஓயாமல் போடுவதுதான் விமானத் தரத்து ஜிபிஎஸ். 2003-இல் அமெரிக்காவில் செயல்படத் தொடங்கிய 'வாஸ்' திருத்த அமைப்பும் இதே வேலைக்காக வந்தது. தரை நிலையங்கள் கோள்களைக் கவனித்து, கெட்டதைப் பற்றி வினாடிகளுக்குள் எச்சரிக்கின்றன. விதிக்குப் பொருந்தும் கருவிகளில் பெரும்பாலானவை வாஸை அடிப்படையாகக் கொண்டவை.

எக்ஸ்பெரிமென்டல்காரர்களுக்கு விதி ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. டிஎஸ்ஓ என்ற எஃப்ஏஏ தர முத்திரை குத்திய கருவிதான் வேண்டும் என்று அது சொல்லவில்லை, அந்தத் தரத்தின் செயல்திறனை எட்டினால் போதும் என்கிறது. அதனால் முத்திரை பெற்றதன் பாதி விலைக்கும் குறைவாக எக்ஸ்பெரிமென்டலுக்கென்றே செய்த ஜிபிஎஸ் கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன. ஆனால் 'எட்டுகிறது' என்று யார் சொல்வது? தயாரிப்பாளர் எழுத்தில் தர வேண்டும். எந்த ஜிபிஎஸ் எந்த டிரான்ஸ்பாண்டரோடு சேர்ந்து எட்டுகிறது என்று, மாடல் எண்ணும் மென்பொருள் பதிப்பும் குறித்துத் தர வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. 'எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்' என்று கடைக்காரர் சொன்னால் நகர்ந்து விடுங்கள்.

நல்ல ஜிபிஎஸ்ஸும் நல்ல டிரான்ஸ்பாண்டரும் இருந்தும் தவறு நுழையும் இடம் ஒன்று இருக்கிறது. அது இரண்டுக்கும் இடையிலுள்ள ஒயர். பேனலில் ஏற்கெனவே இருக்கும் ஜிபிஎஸ் பெரும்பாலும் என்எம்இஏ என்ற வழக்கமான வடிவத்தில் தகவல் அனுப்பும். அதன் சாதாரண வாக்கியங்களில் இடம் இருக்கும், நேரம் இருக்கும், உறுதி எல்லை இருக்காது. டிரான்ஸ்பாண்டர் பச்சை விளக்கைக் காட்டும், திரையில் பக்கத்து விமானங்களும் தெரியும், எல்லாம் சரியென்றே தோன்றும். வெளியே போகும் ஒலிபரப்பிலோ உறுதி மதிப்பு பூஜ்யமாக இருக்கும். எனவே ஏடிஎஸ்-பிக்கு என்று உள்ள வடிவத்தை இரு முனையிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். தகவல் அனுப்பும் வேகமும் பிட் அமைப்பும் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்துச் சொல்வதை மிகவும் கவலையோடு சொல்கிறேன். சில டிரான்ஸ்பாண்டர்களில் உறுதி மதிப்பை அமைப்புப் பக்கத்தில் கையாலேயே மாற்றலாம். பூஜ்யத்தை 3 என்று திருத்திவிட்டால் எஃப்ஏஏ தரும் செயல்திறன் அறிக்கையில் சிவப்பு நிறம் மறைந்துவிடும். விமானத்தின் நிலைமையில் எதுவும் மாறாது. ஒரு கோடியில் ஒன்று என்ற உறுதியை நம்பித்தான் கன்ட்ரோலர் இரண்டு விமானங்களுக்கு நடுவே இடைவெளி விடுகிறார். உறுதி பொய்யானால் அந்த இடைவெளியும் பொய்தான். ஒரு தயாரிப்பாளரின் கருவிகள், தகுதி பெறாத ஜிபிஎஸ்ஸை உள்ளே வைத்துக்கொண்டே மதிப்பு 3 என்று ஒலிபரப்பின. 2017-இல் எஃப்ஏஏ அவற்றுக்கெதிராகக் கட்டாய ஆணையே வெளியிட்டது. பணம் கொடுத்து வாங்கிப் பொருத்தியவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள். தயாரிப்பாளரின் எழுத்துச் சான்றோடு நிறுத்திக்கொள்ளாமல் பறந்தும் சோதிக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

தகவலின் ஒரு பகுதி குறைந்தாலும் எவ்வளவு பெரிய விலை கொடுக்க நேரும் என்பதற்கு அலாஸ்காவின் கெச்சிகன் அருகே 2019 மே மாதம் நடந்ததே சான்று. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற இரு மிதவை விமானங்கள் நடுவானில் மோதி ஆறு பேர் இறந்தனர். இரண்டிலும் ஏடிஎஸ்-பி இருந்தது. ஆனால் ஒன்றின் அழுத்த உயரம் ஒலிபரப்பாகவே இல்லை. உயரம் தெரியாததால் மற்றொன்றின் திரையில் எச்சரிக்கை எழவில்லை. அவை எக்ஸ்பெரிமென்டல் அல்ல, வணிக விமானங்கள். அவற்றிலேயே இப்படி நடந்திருக்கிறது என்றால், தனி ஆளாக ஒயர் இழுப்பவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

பொருத்தும் வேலையில் இன்னும் சில உண்டு. ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு வானம் திறந்து தெரிய வேண்டும். கார்பன் ஃபைபர் கூட்டுக்குள்ளே ஒட்டி வைத்தால் சமிக்ஞை நலிந்துவிடும், கண்ணாடியிழை என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனாவை விமானத்தின் அடிவயிற்றில், போதுமான உலோகத் தளத்தோடு வையுங்கள். எஃப்ஏஏ தரும் 24 பிட் முகவரி எண்ணைத் தவறாகப் பதிவதும், வாங்கிய பழைய டிரான்ஸ்பாண்டரில் முந்தைய விமானத்தின் எண் அப்படியே கிடப்பதும் அடிக்கடி நடக்கும் பிழைகள். உங்கள் விமானம் வேறொருவரின் பெயரில் பறப்பதாகப் பதிவாகிவிடும். உயரச் சோதனையையும் டிரான்ஸ்பாண்டர் சோதனையையும் பொறுத்தவரை, எக்ஸ்பெரிமென்டல் உரிமையாளரே செய்துகொள்ள முடியாது. 24 மாதங்களுக்கு ஒருமுறை தகுதி பெற்ற பணிமனைதான் செய்ய வேண்டும். வருடாந்திரப் பரிசோதனையைத் தானே செய்து பழகியவர்கள் இதைத்தான் மறந்துபோகிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் விதிக்குட்பட்ட வான்வெளியில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பறந்துவிட்டு, எஃப்ஏஏவிடம் செயல்திறன் அறிக்கை கேளுங்கள். கட்டணம் கிடையாது. விமானப் பதிவெண்ணும் நாளும் கொடுத்தால் சற்று நேரத்தில் மின்னஞ்சலில் வரும். மேலே சொன்ன ஐந்து மதிப்புகளும், எத்தனை ஒலிபரப்பில் எவ்வளவு தவறு என்பதும் அதில் இருக்கும், தவறியவை சிவப்பில் தெரியும். திருப்பங்களில் மட்டும் உறுதி எல்லை தளர்கிறதென்றால் ஆன்டெனாவைச் சந்தேகியுங்கள். பறப்பு முழுவதும் உறுதி மதிப்பு பூஜ்யமாக இருந்தால் ஒயரையும் வடிவ அமைப்பையும் பாருங்கள். ஒவ்வொரு மென்பொருள் மாற்றத்துக்குப் பிறகும் இதைத் திரும்பக் கேட்க வேண்டும். ஒருமுறை வாங்கிய நல்ல அறிக்கை ஆயுளுக்கும் செல்லாது.

பிழையைக் கண்டுபிடித்து எஃப்ஏஏ கடிதம் அனுப்பினால் பயந்து ஒளிய வேண்டாம். 2015 முதல் அந்த ஆணையம், வேண்டுமென்றே செய்யாத தவறுகளைத் திருத்தத்தாலும் பயிற்சியாலும் தீர்க்கும் வழியைத்தான் முதலில் எடுக்கிறது. தெரிந்தே பொய் மதிப்பை ஒலிபரப்பியவருக்கு அந்தக் கருணை கிடையாது. தவறி விதி மீறியது தெரிந்தால் 10 நாட்களுக்குள் நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு எழுதுங்கள். குற்றச்செயலோ விபத்தோ இல்லாமல், தெரியாமல் நடந்ததாகவும், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வேறு மீறல் இல்லாமலும் இருந்தால், தண்டனையிலிருந்து அது காக்கும். 2012-இல் வந்த பைலட்டுகளின் உரிமைச் சட்டப்படி, விசாரணை நடப்பதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமம் நிறுத்தப்பட்டால் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்திடம் 20 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அவசர ஆணை என்றால் 10 நாள்தான். ஏடிஎஸ்-பி பதிவுகளை மட்டுமே வைத்து, குற்ற வழக்கு தவிர்த்த விசாரணையைத் தொடங்கக் கூடாது என்றும் 2024-இன் சட்டம் சொல்கிறது. ஒலிபரப்பைக் கேட்டு உங்கள் பறப்பைப் பின்தொடர்வோரிடமிருந்து விலக, தனியுரிமை முகவரி கேட்டுப் பெறும் ஏற்பாடும் உண்டு.

ஏடிஎஸ்-பி கருவி பழுதாகி, பணிமனைக்குப் பறந்தே போக வேண்டியிருந்தால், எஃப்ஏஏவின் இணைய வசதி வழியே புறப்படுவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் விலக்குக் கேட்கலாம். ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

கட்டியவரிடமிருந்து பழைய எக்ஸ்பெரிமென்டல் விமானத்தை வாங்குபவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒயரை இழுத்தவர் நீங்கள் அல்ல, அதன் தவறு மட்டும் இனி உங்களுடையது. முன்பணம் தருவதற்கு முன் மூன்று தாள்களைக் கேளுங்கள்: ஜிபிஎஸ்ஸும் டிரான்ஸ்பாண்டரும் சேர்ந்து தகுதி பெறுவதாகத் தயாரிப்பாளர் தந்த எழுத்து, பொருத்தியதைச் சொல்லும் லாக்புக் பதிவு, கடந்த சில மாதங்களுக்குள் எடுத்த செயல்திறன் அறிக்கை. மூன்றாவது இல்லையென்றால் விற்பவரோடு ஏறி ஒரு சுற்றுப் பறந்து வந்து, அன்றைய அறிக்கையைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.