ஒளி பிடித்த வானம் – 9: ஈட்டா கரினே

அகத்திய நட்சத்திரம் எனப்படும் கனோபஸ் இருக்கும் அதே கரினா மண்டலத்தில், ஆனால் அதைவிட வெகு தொலைவில், சுமார் 7,500 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது ஈட்டா கரினே. கண்ணுக்கு ஒற்றைப் புள்ளி. உண்மையில் ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரு விண்மீன்கள். பெரியதன் நிறை மட்டுமே சூரியனைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு.

1837 டிசம்பரில் நன்னம்பிக்கை முனையிலிருந்து வானை ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் ஹெர்ஷல், இது திடீரென்று பிரகாசமடைந்திருப்பதைக் கண்டார். 1843 மார்ச்சில் அகத்தியரையே முந்தி, சிரியஸுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. பிறகு மங்கி, வெறுங்கண்ணுக்குத் தெரியாமலே போயிற்று. அந்தப் பிரகாசத்துக்குக் காரணமான வெடிப்பில் வெளியேறிய வாயுவும் தூசும் பத்து சூரியன்களின் நிறையைத் தாண்டும். இரண்டு பெரிய குமிழ்களாக உப்பி நிற்கும் அந்த நெபுலாவுக்கு, அர்ஜென்டினாவின் என்ரிக்கே கவியோலா 1950-இல் ஹோமன்குலஸ், அதாவது ‘குட்டி மனிதன்’ என்று பெயரிட்டார். அவர் எடுத்த படங்களில் அது தலையும் கை கால்களுமாகத் தெரிந்ததாம். இன்றைய கூர்மையான படங்களில் மனிதனைத் தேடினால் கிடைக்க மாட்டான்.

படமெடுப்பதில் முதல் சிக்கல் அளவு. முழுநிலவின் அகலத்தில் நூறில் ஒரு பங்குதான் இந்த நெபுலா. காற்றின் அலைவிலேயே நுணுக்கங்கள் கலைந்துவிடும். அடுத்தது, நடுவிலுள்ள விண்மீனின் கண்கூசும் ஒளி. அதற்காகக் குறுகிய நேரமும் நீண்ட நேரமும் ஒளியை ஏற்றுத் தனித்தனியே எடுத்த படங்களை ஒன்றாக இணைக்கிறார்கள்.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் கேமரா எடுப்பது கறுப்பு வெள்ளைப் படம்தான். வண்ணம் வருவது வடிகட்டிகளால். 658 நானோமீட்டர் வடிகட்டி நைட்ரஜனின் ஒளியை மட்டும் விடும். அது கண்ணுக்கும் சிவப்பே. 280 நானோமீட்டரில் ஒளிரும் மக்னீசியமோ புறஊதா. வளிமண்டலத்தின் ஓசோன் அதைத் தரைக்கு விடாது. விண்வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். கண் காணாத அந்த ஒளிக்குப் படத்தில் நீலம் கொடுக்கப்படுகிறது. இதைப் ‘போலி வண்ணம்’ என்று ஒதுக்குவது சரியல்ல. எந்த வாயு எங்கே இருக்கிறது என்பதை நிறம் பிசகாமல் காட்டுகிறது.

2019-இல் வெளியான படமே அதற்குச் சாட்சி. குமிழ்களுக்கும், வெளியே சிதறிக் கிடக்கும் சிவப்பு நைட்ரஜன் இழைகளுக்கும் இடையே பெரிதாக ஒன்றுமில்லை என்றே கருதப்பட்டது. மக்னீசிய வடிகட்டியைப் போட்டதும் அந்த இடைவெளி முழுக்க நீலம் நிறைந்தது. வெடிப்பில் வீசப்பட்ட வாயு அது. இழைகளில் இன்னும் மோதவில்லை. கீழ் இடதுபுறக் குமிழுக்கு வெளியே அந்த நீலத்தில் மெல்லிய கோடுகளும் விழுந்திருக்கின்றன. குமிழின் பரப்பிலுள்ள தூசுத் திரள்களுக்கு இடையே விண்மீனின் ஒளி பாய்வதால் வந்தவை அவை. கார்மேக இடுக்கில் வெயில் கீற்றுக் கீற்றாக இறங்குவது போலத்தான்.

இன்று ஈட்டா கரினே மறுபடியும் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது. ஏப்ரல் பின்பாதியில் இரவு 9 மணி வாக்கில், மேகமில்லாத தெற்கு வானில், சென்னையில் அடிவானத்திலிருந்து 17 பாகை உயரத்திலும் கன்னியாகுமரியில் 22 பாகை உயரத்திலும் நிற்கும். நகர வெளிச்சத்தில் தேட வேண்டாம்.