பசையில்லாத் தாள்

பொள்ளாச்சியிலிருந்து ஓவிய ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: வெட்டி ஒட்டுவதைத் தவிர, தாளை வைத்துப் பிள்ளைகளுக்கு வேறென்ன சொல்லித் தரலாம்? தாளை மறுபடியும் கூழாக்கச் சொல்லுங்கள், டீச்சர்.

கூழுக்கு அருமையான சரக்கு திருப்பூரில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது: பனியன் கட்டிங் வேஸ்ட். தையலும் பொத்தானும் இல்லாத பருத்தித் துண்டுகள். கைத்தாள் பட்டறைகளில் இவற்றைப் பொடியாக நறுக்கி, 'பீட்டர்' என்னும் தொட்டியில் தண்ணீரோடு மணிக்கணக்கில் சுழலவிட்டு நசுக்குவார்கள்.

எனக்கு இன்னும் வியப்பு தீராத இடம் இதுதான்: பசையே வேண்டாம். பருத்தி பெரும்பாலும் செல்லுலோஸ். நசுங்க நசுங்க இழைகளில் நுண்ணிய பிசிறுகள் கிளம்பும். வலையில் அள்ளிய கூழிலிருந்து வடியும் தண்ணீரே அந்தப் பிசிறுகளை நெருக்கி இழுக்கும். கடைசி ஈரமும் காயும்போது ஹைட்ரஜன் பிணைப்புகளால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அம்மா வேட்டியில் ஊற்றும் கூழ்வடகம் காய்ந்து உரியும்போது அடியில் நெசவு அப்படியே பதிந்திருக்கும். தாள்கூழும் எதன்மேல் காய்கிறதோ அதன் உருவை வாங்கிக்கொள்ளும்.

இந்தக் குணத்தைக் கலையாக்கியவர் சோம்நாத் ஹோர். 1943 வங்கப் பஞ்சத்தை நேரில் பார்த்து வரைந்தவர். சாந்திநிகேதனில் இருந்த அவர், 1970களில் களிமண் பரப்பைக் கத்தியால் கீறி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பொசுக்கி, அதிலிருந்து சிமெண்ட் அச்செடுத்து, அதில் கூழை அழுத்திக் காயவைத்தார். 'காயங்கள்' என்ற அந்த வரிசையில் பெரும்பாலும் மையே கிடையாது. வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே தழும்பு. பஞ்சத்தையும் போரையும் பற்றி இவ்வளவு உரக்கப் பேசிய தாளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வகுப்பறைக்கு பீட்டர் தேவையில்லை. வீட்டு மிக்சியில் துணியைப் போட்டால் சுற்றிக்கொள்ளும். அதனால் பழைய விடைத்தாள்களை இரவு ஊறவைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அரையுங்கள். சட்டத்தில் கொசுவலை கட்டி அள்ளுங்கள். சாக்கு, பன்னாடை, மரப்பட்டை என எதன்மேலாவது அழுத்திக் காயவிடுங்கள். பிரித்தெடுத்த பனியன் நூலை நறுக்கிக் கலந்தால் தாளுக்குள்ளேயே கோடு ஓடும்.

'கழிவிலிருந்து கலை' போட்டிக்குத் தெர்மாகோலும் ஜிகினாவும் கடையில் புதிதாக வாங்கித் தருகிறோம். பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம் இது. பருத்தியோடு பாலியஸ்டரையும் லைக்ராவையும் கலந்து துணியாக்குவது அதைவிடப் பெரிய அநியாயம். அந்தக் கலப்புத் துணி நல்ல தாளாகாது. நூலுக்காகக் கட்டிங் வாங்கும்போது ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் தாள் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும்.