அடியில் கிடக்கும் சர்க்கரைப் பனி

2022 அக்டோபர் 4 காலை. உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனி சரிந்தது. உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு அப்போது அங்கே இருந்தது. பயிற்சிக்கு வந்தவர்களில் 27 பேரையும் பயிற்றுநர்களில் இருவரையும் பனி கொண்டுபோயிற்று. அந்த இருவரில் ஒருவர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட், மகாலு இரண்டிலும் 16 நாட்களுக்குள் ஏறியவர். பழக்கமில்லாதவர்கள்தான் பனிச்சரிவில் சிக்குவார்கள் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

ஆபத்து பெரும்பாலும் பல வாரங்களுக்கு முன்பே விதைக்கப்பட்டிருக்கும். குளிர்காலத் தொடக்கத்தில் மெல்லியதாகப் பனி விழுகிறது. அதன் அடிப்பக்கம் தரையின் வெதுவெதுப்பு, மேலே தெளிந்த இரவுகளின் கடுங்குளிர். இரண்டுக்கும் நடுவே ஈரம் ஆவியாகி மேலேறி, பனித்துகள்கள் பருமணிகளாக வளர்கின்றன. அந்தப் பனியை அள்ளிப் பார்த்தால் சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் வழிந்தோடும். உருண்டை பிடிக்க வராது. பிறகு மேற்கத்திய இடையூறு எனப்படும் புயல் வந்து இரண்டு மூன்று நாள் பனி கொட்டுகிறது. காற்றும் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கச் சரிவில் அடர்த்தியாக அப்பிவைக்கிறது. சர்க்கரைமேல் ஒரு கனத்த பாளம்! சரிவு 30 முதல் 45 டிகிரிக்குள் இருந்தால், ஒருவர் கால்வைக்கும் கனமே அதை உடைக்கப் போதும். இப்படிச் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ உடன் வந்தவரோ கிளப்பிவிட்ட சரிவிலேயே புதைகிறார்கள்.

காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் ஓசை, பாதத்திலிருந்து ஓடும் விரிசல், எதிர்ச்சரிவில் புதிதாகச் சரிந்து கிடக்கும் பனி: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும். புயல் ஓய்ந்து வானம் பளிச்சென்று வெளுக்கும் முதல் நாள்தான் ஆளை மேலே இழுக்கும். பாளம் இறுக அவகாசம் கிடைத்திராத நாளும் அதுவே.

ஓடும்போது மாவு போலிருக்கும் பனி, நின்றதும் சிமென்ட்டாக இறுகுகிறது. கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரைமணி கடந்தால் மூச்சுமுட்டிப் பலர் இறந்துவிடுகிறார்கள். ஹெலிகாப்டர் அதற்குள் வந்து சேராது. காப்பாற்றக்கூடியவர் பக்கத்தில் இருப்பவர்தான். அதனால் புதைந்தவரைக் காட்டிக்கொடுக்கும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் குழுவில் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும்.

அரிதாகச் சிலர் கணக்கை மீறுகிறார்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் பனிச்சுவர் இடிந்து, மதராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள் இருந்த சோனம் காவல்நிலையை மூடியது. புதைந்த 10 பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறாம் நாள், சுமார் 25 அடி ஆழத்தில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். பிப்ரவரி 11இல் டெல்லி மருத்துவமனையில் அவரும் இறந்தார்.

2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்தை அடுத்த மாணா கிராமத்தில், எல்லைச் சாலைப் பணியாளர்கள் 54 பேர் தங்கியிருந்த முகாம்மேல் பனி இறங்கியது. எட்டுப் பேர் இறந்தார்கள். 46 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்கள் தங்கியிருந்தவை இரும்புக் கன்டெய்னர்கள். பனிக்கடியில் அந்தத் தகரச் சுவர்களுக்குள் மிஞ்சியிருந்த காற்றைச் சுவாசித்துத்தான், மீட்புக்காரர்கள் தோண்டி வரும்வரை பலர் தாக்குப்பிடித்தார்கள்.