துரை வேடம் போட்ட தொழிலாளி

கூத்தும் நாடகமும் எதற்கு? திருவிழா ராத்திரியில் தூக்கம் வராமல் இருக்கவா? மேடையில் அர்ச்சுனனும் அல்லியும் வந்து போனதும் கை தட்டிவிட்டு, விடிந்தால் பெரட்டுக்களத்துக்கு ஓடத்தானா? "நாடகம் சோறு போடுமாய்யா?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் தோட்டங்களில் எப்போதும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். நாடகம் சோறு போடாது. ஆனால் சோற்றுக்காக வாய் திறக்கப் பயந்து கிடந்தவனைப் பேச வைத்த நாடகம் ஒன்று உண்டு. அதில் நடித்தவர்கள் பெரும் படிப்புப் படித்தவர்கள் அல்லர். நம்மைப் போலத் தோட்டத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். அவர்கள் கதையைத்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

இடம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டிலேனோ என்ற ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். "அமெரிக்காவிலே தோட்டக் கூலியா?" என்று மலைக்க வேண்டாம். அங்கே பழம் பறித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும். 1935-இல் சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமையை அமெரிக்கா சட்டமாக்கியபோது, வயல் தொழிலாளிகளை அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஆள் பிடித்துக் கொடுக்கவும், கூலியில் கை வைக்கவும் நடுவில் ஒரு காண்டிராக்டர் வேறு. நம்ம பழைய கங்காணிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்!

இரண்டு இனத்தாருக்கும் தனித்தனி முகாம். ஒரு கூட்டம் வேலையை நிறுத்தினால் மற்றக் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்குவது முதலாளிகளின் தந்திரம். "அவன் வந்துதானே நம்ம பொழப்பு கெட்டுச்சு" என்று இவனும், "இவனாலேதான் நமக்குக் கூலி ஏறல்ல" என்று அவனும் கறுவிக்கொண்டு கிடந்தால் முதலாளிக்கு வேறென்ன வேண்டும்?

1965 செப்டம்பர் 8-ஆம் தேதி பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் லாரி இட்லியாங் என்பவரின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மணிக்கு 1.40 டாலர், பெட்டிக்கு 25 காசு என்பது கோரிக்கை. வழக்கம்போல மெக்சிகோக்காரர்களை வைத்து முறியடிக்கலாம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். செப்டம்பர் 16-ஆம் தேதி சீசர் சாவேஸ் தலைமையில் இருந்த மெக்சிகோத் தொழிலாளர் சங்கமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மறு ஆண்டு இரண்டு சங்கமும் ஒன்றாயின.

இந்த நேரத்தில்தான் லூயிஸ் வால்டெஸ் என்ற இளைஞர் டிலேனோ வந்து சேர்ந்தார். 1940-இல் அதே ஊரில், ஊர் ஊராக அலைந்து அறுவடை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். ஆறு வயதில் பள்ளி நாடகத்தில் குரங்கு வேடம் கிடைத்ததையும், சாப்பாடு கொண்டுபோன காகிதப் பையைக் கொண்டு டீச்சர் முகமூடி செய்ததையும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாடக நாள் வருவதற்குள் குடும்பம் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. பையன் நடிக்கவே இல்லை. அந்தக் குறை மனதில் தங்கிவிட்டது.

நாடகக் குழு அமைக்கலாமா என்று சாவேஸிடம் கேட்டார் வால்டெஸ். பணம் இல்லை, நடிகர் இல்லை, மேடை இல்லை, ஒத்திகைக்கு நேரமும் இல்லை. இத்தனைக்கும் மேல் முடிந்தால் செய்துபார் என்றார் சாவேஸ். அப்படிப் பிறந்ததுதான் 'எல் தியாத்ரோ காம்பெசினோ'. உழவர் நாடகக் குழு என்று பொருள்.

முதல் நாள் கூட்டத்தில் வால்டெஸ் சில அட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்றில் 'வேலைநிறுத்தக்காரன்' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'கருங்காலி'. கழுத்தில் மாட்டிக்கொண்டு நடிக்க வேண்டியதுதான். வேலைநிறுத்தக்காரனாக நிற்கப் பிரச்சினை இல்லை. கருங்காலி அட்டையைத் தொட யாருக்கும் மனமில்லை! பிறகு ஒருவர் தயங்கித் தயங்கி மாட்டிக்கொண்டார். மறியல் வரிசையில் பார்த்த கருங்காலியைப் போலவே அவர் நடந்து காட்டவும், கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வேடத்தைப் போட்டவன் மனதில் என்ன நடந்திருக்கும்? கருங்காலியாக நடிக்க வேண்டுமானால் கருங்காலியாக யோசிக்க வேண்டும். அவன் ஏன் வேலைக்குப் போகிறான்? வீட்டில் பசியா? காண்டிராக்டரிடம் கடனா? பயமா? நேற்றுவரை 'துரோகி' என்ற ஒரே சொல்லோடு முடிந்துபோனவன், இப்போது மனிதனாகத் தெரிய ஆரம்பிப்பான். முகமூடி செய்கிற வேலை இதுதான்.

இதையே நன்றாகக் காட்டியது 1965-இல் அவர்கள் போட்ட 'முதலாளியின் இரண்டு முகங்கள்' என்ற சிறு நாடகம். மெக்சிகோவிலிருந்து வேலைநிறுத்தத்தை முறிக்கக் கொண்டுவரப்பட்ட ஏழைத் தொழிலாளி ஒருவன். பன்றி முகமூடி, சுருட்டு, சவுக்கு சகிதமாக முதலாளி. தன் பாடு எவ்வளவு கஷ்டம் என்று முதலாளி புலம்புகிறார். வாடகையில்லாத வீடும் காசில்லாத லாரிப் பயணமும் கிடைக்கும் தொழிலாளியைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறதாம்! கொஞ்ச நேரம் வேடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். முகமூடியும் சவுக்கும் கை மாறுகின்றன.

அப்புறம்தான் வேடிக்கை. முதலாளி பேசிய அதே பேச்சு இப்போது தொழிலாளி வாயிலிருந்து வருகிறது. காவல்காரன் வருகிறான், முகமூடி இல்லாத முதலாளியை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கூலியாள்தானே என்று இழுத்துப் போகிறான். கடைசியில் சாவேஸைக் கூப்பிட்டுக் கதறுகிறார் முதலாளி! முடிவில் அந்தத் தொழிலாளி, வீடும் நிலமும் தனக்கு வேண்டாம், அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறான். சுருட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறான்.

கவனித்தீர்களா? வேலைநிறுத்தக்காரர்கள் வெறுத்த கருங்காலிதான் இங்கே கதாநாயகன். அவனும் முதலாளி ஆக ஆசைப்படவில்லை. இன்னொன்றும் புரிகிறது: முதலாளிக்குப் பிறவியிலேயே கொம்பு முளைத்திருக்கவில்லை. சவுக்கு யார் கைக்குப் போனாலும் அந்தக் குணம் வந்துவிடுகிறது. நமக்குள்ளும் வரும்.

1966 மார்ச் 17-ஆம் தேதி டிலேனோவிலிருந்து தலைநகர் சாக்ரமென்டோவுக்கு நடைப்பயணம் கிளம்பியது. 25 நாள் நடை. ராத்திரியில் தங்கிய ஊர்களில் லாரியின் முதுகே மேடை. முதலாளியைக் கண்டால் தலை நிமிராதவர்கள், பன்றி முகமூடியைக் கண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்த பிறகு பழைய பயம் அப்படியே இருக்குமா?

நாடகம்தான் வென்றது என்று சொன்னால் அது பொய். ஊர் ஊராக மக்கள் திராட்சையை வாங்காமல் ஒதுக்கியதும், ஐந்தாண்டு மறியலும் சேர்ந்துதான் 1970 ஜூலை 29-ஆம் தேதி டிலேனோ முதலாளிகளைக் கையெழுத்துப் போட வைத்தன. அதுவும் நிலைக்கவில்லை, 1973-இல் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை கை நழுவின. 1975-இல்தான் கலிபோர்னியாவில் வயல் தொழிலாளருக்குச் சங்க உரிமைச் சட்டம் வந்தது. நாடகம் செய்தது ஆளைத் தயார் செய்யும் வேலை.

இது நமக்குப் புதிதா? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வை மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். வயிற்றோடு மானமும் சேர்ந்ததுதான் மனித உரிமை என்று நம் தாத்தாக்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று நம் செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளியர் வேலை செய்கிறார்கள். "இவனுங்க வந்துதான் நம்ம கூலி ஏறல்ல" என்ற பேச்சு நம் வாயிலும் வருகிறது. டிலேனோ முகாம்களில் கேட்ட அதே பேச்சு! நம் பாட்டன் கப்பல் ஏறி வந்தபோதும் யாரோ இதைத்தான் சொல்லியிருப்பார்கள். கூலியை நிர்ணயிப்பது பக்கத்து நிரையில் குலை அறுக்கிறவன் அல்லவே!

அடுத்த திருவிழாவுக்கு இளைஞர்கள் ஒரு கால்மணி நேர நாடகம் போடட்டும். சீன் திரை வேண்டாம். நாலு அட்டை, ஒரு காகிதப் பை முகமூடி போதும். வெளிநாட்டுத் தொழிலாளி வேடத்தை நம்ம பையன் போடட்டும். முடிந்தால் அந்த வெளிநாட்டுத் தம்பியையே கூப்பிட்டுத் தமிழன் வேடம் கொடுங்கள். மாமியார் வேடத்தை மருமகள் போடட்டும். சாதி பேசுகிறவர், தான் யாரை ஒதுக்கினாரோ அவராக ஒரு கால்மணி நேரம் நின்று பார்க்கட்டும்.

சிரிப்போம், தாராளமாகச் சிரிப்போம். வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது, அந்த இன்னொருத்தன் நம்மோடு கொஞ்ச தூரம் நடந்து வருவான். அவனோடு பேசிக்கொண்டே போவோம்.